முருங்கை இலைப் பொடி போட்டால் பிராய்லர் கோழிக்கு ரத்தம் ஊறுமா?

கொண்டை வெளுத்த கோழிகளுக்கு முருங்கை இலைப் பொடி கொடுத்தால் ரத்தம் ஊறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொடி நல்லதுதான். ஆனால் கொண்டை ஏன் வெளுத்தது என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைப் பக்கம் எங்கள் கோழி ஷெட். முருங்கைக்கு இங்கே பஞ்சமில்லை. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோ கலந்துவந்தேன். ஒரு ஐப்பசி மழையில், நாலாவது வாரத்தில், கொண்டைகள் வெளுத்தன. சத்துக் குறைவு என்று நினைத்துப் பொடியை 5 கிலோ ஆக்கினேன். மூன்றாம் நாள் விடிகாலையில் ஷெட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை, அத்தனை சாவு. மருத்துவர் ஒன்றை அறுத்துக் குடலை விரித்துக் காட்டினார். உள்ளே கட்டி கட்டியாக ரத்தம். "ரத்தக் கழிச்சல், அண்ணாச்சி. உள்ள ரத்தம் ஒழுகிக்கிட்டு இருக்கு, நீங்க இலையைப் போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. இது குடல் ஒட்டுண்ணியால் வரும் நோய். எச்சத்தோடு விழும் ஒட்டுண்ணி முட்டை, தரையில் பரப்பிய கூளம் ஈரமாக இருந்தால்தான் பழுக்கும். அதைக் கொத்தும் கோழிக்கெல்லாம் நோய் பரவும். தண்ணீரில் மருந்து கலந்து, கூளத்தை மாற்றிய பிறகே மிச்சக் கோழிகள் தேறின.

கோழியின் சிவப்பணு ஏறக்குறைய 30 நாள்தான் இருக்கும். நமக்கு 120 நாள். அதனால் சத்து நல்லபடி சேர்ந்தால் ரத்தம் சீக்கிரம் தேறும் என்பது சரிதான். ஆனால் நல்ல பிராய்லர் தீவனத்தில் தேவையான இரும்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. முருங்கை தருவது வேறு: காய்ந்த இலையில் கால் பங்கு புரதம், தோலுக்கு மஞ்சள் நிறம். ஹீமோகுளோபின் சில ஆய்வுகளில் ஏறியிருக்கிறது, சிலவற்றில் அசையவே இல்லை. அளவு மீறினால் நார்ச்சத்து கூடி எடை குறையும். இலையிலுள்ள டானின், பைட்டேட் என்ற பொருள்கள் இரும்பு குடலில் சேர்வதைக் குறைக்கும். இலை சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தால் அந்த நஞ்சே ரத்தத்தைக் குறைக்கும்.

சந்தேகம் இருந்தால் இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். மனிதருக்கான லேப் மெஷினில் கொடுக்காதீர்கள். கோழியின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் எண்ணிக்கை தப்பாக வரும். நமக்குத் திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். மொத்த ரத்தத்தில் சிவப்பணு பங்கு 22 முதல் 35 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை.

அதற்கு முன்னால், இன்றைக்கே தண்ணீர்த் தட்டுக்குக் கீழே இருக்கும் கூளத்தை ஒரு கை அள்ளிப் பிழியுங்கள். உருண்டை பிடித்து, எச்சத்திலும் சிவப்புத் தெரிந்தால், பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.