நாக்கு எங்கே படுகிறது? – மொழியியல் கேள்வி பதில்

மொழியியல் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்தோம். வந்த கடிதங்களில் பெரும்பங்கு ழகரத்தைக் காப்பாற்றச் சொல்லி வந்தவை. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குகிறேன். மற்றவற்றில் சில இங்கே. இந்தப் பகுதியில் பெயர் போடும் வழக்கமில்லை, ஊர் மட்டும்.

ஆரணியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: மொழியியல் படிக்க ஆசை. ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் என்று பட்டியலைப் பார்த்ததுமே தலை சுற்றுகிறது. எதில் தொடங்குவது?

பட்டியலை மடித்து வையுங்கள் ஐயா. வாயில் தொடங்குங்கள். தங்கம், மஞ்சள், வண்டு, பந்து, கம்பு. இந்த ஐந்தையும் மெதுவாகச் சொல்லி, நடுவில் வரும் மெல்லெழுத்தில் நாக்கு எங்கே படுகிறது என்று கவனியுங்கள். தங்கத்தில் நாக்கின் பின்பகுதி பின்னண்ணத்தில் ஒட்டும். மஞ்சளில் நாக்கு நடு அண்ணத்துக்கு வரும். வண்டில் நுனி மேலே வளையும். பந்தில் பல்லைத் தொடும். கம்பில் நாக்குக்கு வேலையே இல்லை, உதடு மூடிக்கொள்ளும். தொண்டைப் பக்கமிருந்து உதடு வரை ஒரு பயணம். க, ச, ட, த, ப என்று ஒன்றாம் வகுப்பில் ராகம் போட்டு ஒப்பித்தோமே, அந்த வரிசையும் இதே பயணம்தான். (ழ, ள, ற, ன நான்கும் கடைசியில் தனியாக நிற்பது வேறு கதை.) இப்படி ஒலி எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பது ஒலியியல். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியலுக்கும் இதுதான் வேலை.

அடுத்தது ஒலியனியல். புதிதாக வருகிறவர்கள் ஒலியியலையும் இதையும் குழப்பிக்கொள்ளும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம். கடல், தங்கம், பகல் மூன்றிலும் ககரம் இருக்கிறது. ஆனால் தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். கடலின் முதல் ஒலியில் அதிர்வு இல்லை. தங்கத்தில் இருக்கிறது. பகலில் பலருக்கு அது கிட்டத்தட்ட ஹகரமாகவே தேய்ந்துவிடும். ஆக வாய் மூன்று ஒலி எழுப்புகிறது, தமிழ்க் காது ஒன்றாகக் கேட்கிறது. காரணம், எது எங்கே வரும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கிறது: சொல் முதலில் ஒன்று, மெல்லெழுத்துக்குப் பின் ஒன்று, உயிர்களுக்கு நடுவே ஒன்று. ஒன்றை மாற்றி இன்னொன்றைப் போட்டால் கேட்க விசித்திரமாக இருக்கும், பொருள் மாறாது. ஆனால் பனியில் இருக்கும் னகரத்தை ணகரமாக்குங்கள், குளிர் போய் வேலை வந்துவிடும். பொருளை மாற்றும் வேறுபாடு எது, மாற்றாதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஒலியனியல்.

இந்திக்காரர் காது வேறு மாதிரி பழகியது. அவருக்குச் சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் மூன்றும் முதல் ஒலி மட்டும் வேறுபடும் மூன்று சொற்கள். நாம் தமிழில் எழுதினால் மூன்றுமே ‘கானா’. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவரைச் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் கையில் காற்று அடிக்கும்.

நம் காதும் மாறிக்கொண்டுதான் வருகிறது. பாவம் செய்தவர் என்கிறோம், நடனத்தில் பாவம் நன்றாக இருந்தது என்கிறோம். எழுத்து ஒன்று, வாயில் ஒலி இரண்டு, பொருளும் இரண்டு. கடன் வாங்கிய சொற்கள் நம் ஒலி அமைப்புக்குள் இப்படிச் சத்தமில்லாமல் புது வேறுபாடுகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

சொல்லின் பொருளை ஆராயும் பொருண்மையியலையும், சூழலை வைத்துப் பொருள் கொள்ளும் பிராக்மாடிக்ஸையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டம்மா “வானம் கறுத்துக்கிட்டு வருது, உங்க கொடியில துணி காயுதே” என்றால் நீங்கள் எழுந்து போய்த் துணியை எடுக்கிறீர்கள். எடு என்று அவர் சொல்லவே இல்லை. சொன்னதிலிருந்து சொல்லாததை எப்படிப் பிடித்தோம் என்பது அந்தத் துறை. பால் கிரைஸ் என்ற தத்துவவாதி 1975ல் வெளியான ஒரு கட்டுரையில் இதற்கு அடித்தளம் போட்டார்.

தேனியிலிருந்து பி.ஏ. தமிழ் மாணவி: பகுதி, விகுதி, இடைநிலை என்று நன்னூலில் படித்ததும் உருபனியலும் ஒன்றுதானா?

பெரிய அளவுக்கு ஒன்றுதான் அம்மா. சொல்லைப் பொருள் தரும் சிறு உறுப்புகளாகப் பிரித்துப் பார்ப்பதுதான் உருபனியல். வந்தான் என்பதைப் பிரித்துக் காட்டத் தெரிந்த உங்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. பிற நாட்டு மாணவர்கள் இதற்காகத் துருக்கி மொழியையும் சுவாஹிலியையும் தேடிப் போகிறார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், நீங்கள் வகுப்பில் ‘வந்தனன்’ பிரிப்பீர்கள். நான் ‘வந்துட்டான்’ பிரிக்கச் சொல்வேன். அதில் இருக்கும் ‘ட்’ எங்கிருந்து வந்தது? வந்துவிட்டான் என்பதன் ‘விடு’ தேய்ந்த மிச்சம் அது. கயிற்றை விடு என்கிறபோது கையைத் திறக்கும் அந்த வினை, இங்கே செயல் முடிந்துபோனதைக் காட்டும் வெறும் ஒட்டாகிவிட்டது. ‘பண்ணிக்கிட்டேன்’ என்பதில் ‘கொள்’ இப்படியே கரைந்திருக்கிறது. முழுச் சொல் ஒன்று தேய்ந்து இலக்கண உறுப்பாவது உலக மொழிகள் பலவற்றிலும் நடப்பது. நமக்கோ பழைய வடிவம் எழுத்திலும் புதிய வடிவம் நாக்கிலும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் தேர்வுக்கு மட்டும் படிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒரு விளையாட்டு. 1958ல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ குழந்தைகளிடம் பறவை மாதிரி ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு ‘வக்’ என்று பெயர் சொன்னார். இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டதும் ‘வக்ஸ்’ என்று பதில் வந்தது. கேட்டே இராத சொல்லுக்குப் பன்மை வந்ததென்றால், பிள்ளையிடம் விதி இருக்கிறது, மனப்பாடம் மட்டுமல்ல. நீங்கள் தமிழில் ஒரு வினையை இட்டுக்கட்டுங்கள். “இந்த மாமா டொமுக்குறார். நேத்தும் இதையேதான் செஞ்சார். நேத்து என்ன பண்ணார்?” பதிலை எனக்கு எழுதுங்கள்.

சென்னையிலிருந்து மென்பொருள் துறை வாசகர்: சாம்ஸ்கி புத்தகம் ஒன்றை வாங்கி, தொடக்கத்திலேயே நின்றுபோனேன். தொடரியலுக்கு வேறு வழி இல்லையா?

இருக்கிறது. முதலில் புத்தகத்தை மூடி, ‘புலி கொல் யானை’யைப் பாருங்கள். கொன்றது புலியா, யானையா? இரண்டு பொருளுக்கும் இடமுண்டு. தொல்காப்பியர் இந்த வகையைத் தடுமாறு தொழிற்பெயர் என்று குறித்துவைத்தார். வார்த்தைகள் அதே, வரிசையும் அதே, பொருள் மட்டும் இரண்டு. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறவு உள்ளே இருக்க வேண்டும். தொடரியல் அந்த உறவைத் தேடுகிறது.

இப்போது இதைப் பாருங்கள்: கமலா, கண்ணன் தன்னைத் திட்டினான் என்று சொன்னாள். திட்டு வாங்கியது கமலா. ‘தன்னைத் திட்டிக்கொண்டான்’ என்று மாற்றுங்கள். திட்டு வாங்கியது கண்ணனே. இந்தக் ‘கொள்’ விஷயத்தை எந்த ஆசிரியரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார். இருந்தும் சந்தேகமே இல்லாமல் புரிந்தது இல்லையா? யாரும் சொல்லித்தராத இந்த அறிவு எப்படி வந்தது என்பதுதான் அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியைப் பிடித்துக்கொண்ட கேள்வி. 1957ல் அவருடைய முதல் நூல் வெளிவந்தபின் துறையே திசை மாறியது. அவர் தரும் விடை எனக்கு முழுக்க உடன்பாடில்லை, கேள்வியை விட முடியவில்லை. இப்படி ஒரு ஐம்பது வாக்கியங்களைச் சொந்தமாகப் புரட்டிவிட்டு அந்தப் புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

கரூரிலிருந்து வாசகர்: எத்தனை மொழி தெரிந்தால் மொழியியலாளர் ஆகலாம்?

ஒன்று. அதைக் கவனித்துக் கேட்டால்.

பெங்களூரிலிருந்து இல்லத்தரசி: பாலை ஹாலு, பத்தை ஹத்து என்கிறார்கள். கன்னடம் என்பது தமிழ் சிதைந்து வந்ததுதானே?

உங்கள் காதுக்கு ஒரு சபாஷ், முடிவுக்கு இல்லை. இன்னும் சேருங்கள்: புலி – ஹுலி, பல் – ஹல்லு, பெண் – ஹெண்ணு, பூ – ஹூவு. தெரிகிறதா? கண்டபடி சிதையவில்லை. சொல் முதலில் இருந்த பகரம் வரிசையாக ஹகரமாகியிருக்கிறது. பழங்கன்னடத்தில் அங்கே பகரமே இருந்தது. மாற்றம் விதிப்படி நடக்கும் என்பதுதான் வரலாற்று மொழியியலின் உயிர்நாடி.

இப்போது எதிர்த்திசைக்கு வாருங்கள். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. இங்கே பழையது எது? ககரம். இகர எகரங்களுக்கு முன்னால் நின்ற ககரத்தைச் சகரமாக்கியது நாம்தான், கன்னடம் பழையதை வைத்துக்கொண்டது. அப்படியானால் கிளியும் கெடுவும் தமிழில் ஏன் சகரமாகவில்லை என்று கேட்பீர்கள். பின்னால் ள, ட, ண, ழ போல நாக்கை வளைக்கும் ஒலி வந்தால் தமிழில் ககரம் பெரும்பாலும் தப்பித்தது. தெலுங்கில் அந்தச் சலுகை கிடையாது: அங்கே காது செவி, கெடுவதும் செடு, கிளியும் சிலுக. மூன்று மொழியையும் பக்கத்தில் வைத்தால் ஒரு மொழியிலிருந்து மற்றது வந்தது என்ற பேச்சே நிற்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாய்மொழி இருந்தது, ஒவ்வொரு மகளும் தாயிடமிருந்து ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றிக்கொண்டாள்.

தென்மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து வராத தனிக் குடும்பம் என்று 1816ல் சான்று காட்டியவர் சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ். 1856ல் கால்டுவெல் அதை விரிவான ஒப்பிலக்கணமாக எழுதினார். நீங்கள் பெங்களூர் சந்தையில் நோட்டும் பென்சிலுமாக நின்றால் அவர்கள் செய்த வேலையின் ஒரு துண்டை நீங்களே செய்துபார்க்கலாம். கடன் வாங்கிய சொற்களை மட்டும் தள்ளிவையுங்கள், அவை இந்த விதிகளுக்குக் கட்டுப்படாது.

திருச்சியிலிருந்து ஆசிரியை: பிள்ளைகள் பேசும் தங்கிலீஷை மொழியியலாளர்கள் ஏன் கண்டிப்பதில்லை?

கண்டிப்பது உங்கள் வேலை டீச்சர், எங்களுடையது கவனிப்பது. “டிரைவ் பண்றான்” என்கிற பையன் “டிரைவினான்” என்று சொல்வதில்லை, பார்த்தீர்களா? ஆங்கில வினை எத்தனை வந்தாலும் வாசலில் ‘பண்ணு’வைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. காலமும் ஆன், ஆள், ஆர் விகுதியும் தமிழ்தான்.

யார், யாரிடம், எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பது சமூக மொழியியல். 1962ல் வில்லியம் லபாவ் நியூயார்க்கில் மூன்று பல்பொருள் கடைகளுக்குப் போனார்: பணக்காரர்கள் போவது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, மலிவுக்கடை ஒன்று. நான்காம் மாடியில் இருக்கும் பொருள் எங்கே என்று விற்பனையாளர்களைக் கேட்டார். பதிலில் வரும் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ இரண்டிலும் ரகரம் ஒலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். காது கேட்காதவர் போல மறுபடி கேட்டார். பணக்காரக் கடையில் ரகரம் அதிகம், மலிவுக்கடையில் குறைவு. இரண்டாம் முறை நிறுத்திச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கூடியது. அவ்வளவுதான் சோதனை. இதைத் திருச்சியில் நடத்த ஒரு தார் வாழைப்பழம் போதும். வாழப்பழம், வாளப்பளம், வாயப்பயம் என்று எது யார் வாயில் வருகிறது, “என்னது?” என்று மறுபடி கேட்டால் மாறுகிறதா என்று உங்கள் மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். யாரையும் திருத்தக் கூடாது என்பதே நிபந்தனை.

விழுப்புரத்திலிருந்து வாசகர்: எங்கே படிக்கலாம்?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்றே நெடுநாளாகத் துறை உண்டு. மைசூரில் 1969ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. சேர்க்கை விவரங்களை அவர்களிடமே கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி: என் அண்ணனுக்குக் காது கேட்காது. அவன் பேசும் சைகை மொழிக்கும் இந்தத் துறைகளெல்லாம் பொருந்துமா?

எல்லாமே பொருந்தும் கண்ணு. 1960ல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், உடம்பில் அது நிற்கும் இடம், அசையும் விதம் என்று சிறு உறுப்புகளால் ஆனது என்று காட்டினார். பனி, பணி வேறுபாடு னகர ணகரத்தில் இருப்பது போல, அங்கே இடத்தை மட்டும் மாற்றினால் வேறு சொல்லாகிவிடும். வாக்கிய அமைப்பும் தனி. இந்திய சைகை மொழியில் எது, யார், எங்கே போன்ற கேள்விச் சைகை பொதுவாக வாக்கியத்தின் கடைசியில் வரும், ஆங்கிலம் போல முதலில் அல்ல. முகமும் புருவமும் இலக்கண வேலை செய்யும்.

அண்ணனிடம் கேட்டுவிட்டு, அவர் நண்பர்களோடு பேசுவதைச் செல்போனில் கொஞ்சம் படமெடுங்கள். கையின் வடிவம் ஒன்றாக, இடம் மட்டும் வேறாக இருக்கும் இரண்டு சைகைகளை அதில் தேடுங்கள். அகப்பட்டதும் அண்ணனையே சரிபார்க்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.