தூண்டிலில் வந்த வேண்டாத மீன்: சட்டிக்கா, குழிக்கா?

மேட்டூர், பூலாம்பட்டி, ஒகேனக்கல் பாறைகளில் தூண்டில் போடுகிறவர்களும், விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போய் அலைதடுப்புக் கற்களில் உட்காருகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கட்லா, ரோகு வேண்டும் என்று உட்கார்ந்தால் கையகல ஜிலேபிதான் மாற்றி மாற்றி ஏறுகிறது. குழம்பு வைத்தால் சேற்று வாடை. மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசியும் போகவில்லை. (பூலாம்பட்டி)

அலசினால் போகாது. வாடை மேலே ஒட்டியிருந்தால்தானே போகும்? தண்ணீரில் இருக்கும் நீலப்பச்சைப் பாசியும் சேற்று நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை விடுகின்றன. மழை விழுந்ததும் மண் மணக்கிறதே, அதே பொருள்தான். அது செவுள் வழியாக மீனுக்குள் போய்க் கொழுப்பில் தங்கிவிடுகிறது. கொழுப்பு அதிகம் இருக்கும் இடங்கள் தோல், வயிற்றுச் சதை, பக்கவாட்டில் நீளமாக ஓடும் சிவந்த சதை. வாடையும் அங்கேதான்.

அதனால் ஜிலேபியைச் செதில் சுரண்டி முழுசாகப் போடாமல் தோலை உரித்துவிடுங்கள். முதுகுத் துடுப்பு முள் நெடுக இருபுறமும் கத்தியால் கீறி, தலைப் பக்கம் தோலை நெம்பி, துணியால் பிடித்து வால் நோக்கி இழுத்தால் வந்துவிடும். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைக் கல் உப்பு வைத்துத் தேய்த்து எடுங்கள். முதுகெலும்பை ஒட்டிய ரத்தக் கோட்டை நகத்தால் கீறிக் கழுவுங்கள். பிறகு ஒரு கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டு ஸ்பூன் கல் உப்பு சேர்த்து, 20 நிமிடம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைக்கும். நம் குழம்பில் புளி தூக்கலாக நிற்பது ருசிக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

மீன் உயிரோடு இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. டிரம்மில் நல்ல தண்ணீர் விட்டு, தீனி போடாமல், தினம் தண்ணீர் மாற்றி மூன்று நான்கு நாள் வைத்திருந்தால் வாடை பெருமளவு இறங்கிவிடும். ஆனால் தண்ணீர் பச்சை பெயின்ட் கரைத்ததுபோலப் படர்ந்து நாறும் நாட்களில் பிடித்த மீன் வேண்டாம். சில பாசிகள் விடும் நஞ்சு ஈரலில் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது.

சின்னது என்று திரும்பத் தண்ணீரில் விடுவதும் சரியல்ல. ஜிலேபி 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதால் பெருகிக்கொண்டே போகிறது. சிறுசுகளை வறுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பெல்லாம் கவசம், வாய் அடியில் இருக்கிறது. டேங்க் கிளீனர் என்கிறார்கள். இதைத் தின்ன முடியுமா? (எடப்பாடி)

முடியும். தென் அமெரிக்காவில் இதன் சொந்த ஊர்க்காரர்கள் தின்கிறார்கள். நம் ஊரில் கேள்வி மீனைப் பற்றியதல்ல, அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதுதான். அடிச்சேற்றையும் பாசியையும் சுரண்டித் தின்கிற மீன் இது. காவிரியில் ஓடும் தண்ணீரில் பிடித்தது என்றால் குடலையும் ஈரலையும் எறிந்துவிட்டுச் சதையைச் சாப்பிடலாம். சேலம் நகரைத் தாண்டிச் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து போகும் திருமணிமுத்தாற்றில் பிடித்த எந்த மீனும் வேண்டாம். கன உலோகம் வேகவைத்தால் போவதில்லை.

வெட்டும் முறை: கத்தியை மேலிருந்து போட்டால் சறுக்கிக் கையில் ஏறும். மல்லாக்கப் போடுங்கள். தலைக்குப் பின்னால் வயிற்றுப் பக்கம்தான் கவசம் மெலிது. அங்கே தடித்த கத்தரிக்கோலால் ஆரம்பித்து இரு பக்கமும் வால்வரை வெட்டினால் மேல் ஓடு மூடிபோலக் கழன்று வரும். இல்லையென்றால் தலையையும் குடலையும் எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து உரியுங்கள். சதை வால் பக்கம்தான். ஒரு கிலோ மீனில் கால் கிலோ தேறினால் அதிகம். எங்களைக் கேட்டால், அந்தக் கால் கிலோவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஆனால் வேண்டாம் என்றால் ஆற்றில் விடாதீர்கள், பாறையில் போட்டுவிட்டும் வராதீர்கள். வயிற்றில் காற்றை இழுத்து வெளியே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிக் கொன்று மண்ணில் புதையுங்கள்.

தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது கெளுத்தி குத்திவிட்டது. கை தோள்வரை கடுக்கிறது. அடுத்த முறை என்ன செய்வது? மீசை வைத்த மீன்களை எப்படிப் பிரித்து அறிவது? (மேட்டூர்)

குத்திய கையைப் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஆறினால் சூடு ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த நஞ்சு புரதம், சூட்டில் செயலிழக்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். குத்திய கை மரத்திருக்கும், வெந்துபோனாலும் தெரியாது. கயிறு போட்டுக் கட்டாதீர்கள். முள் நுனி உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடையாளத்துக்கு மீசையை விட்டு முதுகைப் பாருங்கள். முதுகில் விறைத்த முள், அதற்குப் பின்னால் முள்ளில்லாத கொழுப்புத் துடுப்பு ஒன்று இருந்தால் நாட்டுக் கெளுத்தி. குத்துவது முதுகு முள்ளும் செவுளுக்குப் பின்னாலுள்ள இரண்டு முள்ளும். முதுகுத் துடுப்பு மிகச் சிறியதாக, முள்ளே இல்லாமல், உடல் கருஞ்சிவப்பாக இருந்தால் தேளி. பக்க முள்ளில் இதற்குத்தான் நஞ்சு கடுமை. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை நீளமாக ஓடி, மீன் இரண்டு மூன்று கிலோ தேறினால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதையும் சில ஊர்களில் தேளி என்றே சொல்வதால் பெயரை நம்ப வேண்டாம். இரண்டே ஜோடி மீசை, கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய் என்றால் வாளை.

எல்லாமே தின்னக்கூடியவைதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது. கண்ட மீனையும் தின்று தீர்த்துவிடும் என்பது காரணம். ஆற்றில் பிடித்தால் திரும்ப விடாதீர்கள். வழவழப்புப் போக அடுப்புச் சாம்பலோ கல் உப்போ போட்டுத் தேய்த்து, கொதிநீரை ஒரு முறை மேலே ஊற்றிச் சுரண்டுங்கள். வெட்டுவதற்கு முன்பே மூன்று முள்ளையும் கட்டிங் பிளேயரால் அடியோடு முறித்துவிடுவது எங்கள் வழக்கம்.

பாம்பு மாதிரி ஒன்று வந்தது. பயந்து தூண்டில் நரம்பை அறுத்துவிட்டோம். (கொளத்தூர்)

மூக்கு நுனி கூராக நீண்டு, முதுகில் வரிசையாகக் குட்டி முட்கள், செவுளுக்குப் பின்னால் துடுப்பு இருந்திருந்தால் அது ஆரால். அருமையான மீனை விட்டுவிட்டீர்கள். பாம்புக்குத் துடுப்பு கிடையாது. முதுகில் முள் இல்லாமல் துடுப்பு மட்டும் நாடாபோல வாலைச் சுற்றி ஓடினால் விலாங்கு. அதன் வேகாத ரத்தம் கண்ணில், காயத்தில் படக்கூடாது, எரியும். நன்றாக வெந்துவிட்டால் பயமில்லை.

மனிதப் பல் மாதிரியே பல் உள்ள மீன். பிரானாவா? (சங்ககிரி)

ரூப்சந்த். பண்ணையில் வளர்க்கும் மீன், வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கு வருகிறது. தாராளமாகச் சாப்பிடலாம், வாய்க்குள் மட்டும் விரலை விடாதீர்கள். வாவல் என்று இதை விற்கிறவர்களும் உண்டு: வால் பக்கம் சின்னக் கொழுப்புத் துடுப்பும் வயிற்றடியில் ஒரு ஜோடித் துடுப்பும் இருந்தால் வாவல் இல்லை.

பெரிய ரோகுவின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் நல்லது என்கிறார்களே? (ஓமலூர்)

விழுங்காதீர்கள். கெண்டை இன மீன்களின் பித்தத்திலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ரோகு பித்தப்பையை விழுங்கி டயாலிசிஸ் வரை போனவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு சிறுநீர் குறையும். யாராவது விழுங்கியிருந்தால் வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் உட்காராமல் மருத்துவமனைக்குப் போங்கள். குடல் எடுக்கும்போது பை உடைந்து சதையில் பட்டால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள்.

புதுச்சேரி கடலோரக் கற்களில் தூண்டில் போட்டோம். பலூன்போல உப்பிய மீன் ஒன்றும், புள்ளி போட்ட தட்டையான மீன்கள் சிலவும் வந்தன. உப்பியதன் ஈரலை எடுத்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். (அம்மாப்பேட்டை)

அவர் சொன்னதைக் கேட்காதீர்கள். அது பேத்தை. ஈரலிலும் முட்டையிலும் நஞ்சு அதிகம், ஆனால் தோலிலும், சில வகைகளில் சதையிலும் உண்டு. பொரித்தாலும், கருவாடு போட்டாலும், ஐஸில் வைத்தாலும் அழியாது. மாற்று மருந்து கிடையாது. உதடும் நாக்கும் மரத்துப்போவது முதல் அறிகுறி. பிறகு கைகால் தளர்ந்து மூச்சு நிற்கும். செயற்கைச் சுவாசம் தரக்கூடிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். பூனை நாய்க்கும் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள்.

செத்த பேத்தை உப்பியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல்லைப் பாருங்கள்: மேலே இரண்டு, கீழே இரண்டு தகடுகள் சேர்ந்து கிளி மூக்குபோல இருக்கும். செதில் இல்லை, வயிற்றடித் துடுப்பும் இல்லை. நைலான் நரம்பு கத்தியால் வெட்டியதுபோல அறுந்து வந்தாலே பேத்தைக் கூட்டம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தட்டையானது, முயல் வாய்போலச் சின்ன வாய் உள்ளது என்றால் ஓரா. நல்ல கறிமீன். முதுகில் 13, அடியில் 7, வயிற்றடித் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு என அத்தனை முள்ளிலும் நஞ்சு, சதையில் இல்லை. துணியால் தலையை அமுக்கி, எல்லா முள்ளையும் கத்தரித்துவிட்டுத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் மேலே சொன்ன வெந்நீர்தான். பாசி தின்னும் மீன், குடல் சீக்கிரம் நாறிச் சதைக்கும் ஏறும். கல்லில் இருக்கும்போதே குடலை எடுத்துவிடுங்கள்.

கடலில் பிடித்ததைச் சேலம் கொண்டுவந்து சமைத்தோம். கெட்ட வாடை இல்லை. ஆனால் சாப்பிட்ட அரை மணியில் இருவருக்கு முகம் சிவந்து தடித்தது. (சூரமங்கலம்)

அயிலையோ சூரையோ இருந்திருக்க வேண்டும். வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே இவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமைபோலத் தடிப்பை உண்டாக்கும் பொருள் சேர்ந்துவிடும். வாடை வராமலும் சேரும், சமைத்தால் போகாது. நாக்கில் மிளகு கடித்ததுபோலச் சுரீர் என்றால் தட்டைத் தள்ளிவையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை. கடலூர், புதுச்சேரியிலிருந்து வர நான்கைந்து மணி நேரம் ஆகும். பிடித்த உடனே செவுளும் குடலும் எடுத்து, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் என்ற கணக்கில் அடுக்கடுக்காகத் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். உருகிய தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடுங்கள். ஐஸ் தண்ணீரில் மிதந்து வந்த மீன் வெளுத்துச் சப்பென்று போகும்.

வாளையை அறுத்தால் உள்ளே அட்டை மாதிரி புழு. மீனை எறிந்துவிட்டோம். (மேட்டூர்)

எறிந்திருக்க வேண்டாம். வாளையின் காற்றுப்பையில் இந்தத் தட்டைப் புழு வருவது சாதாரணம். பையோடு எடுத்துவிட்டு, சதையில் கறுத்த கோடு இருந்தால் அந்தத் துண்டை மட்டும் தள்ளி, மீதியை நடு முள்வரை வேகவிடுங்கள்.