வயலூசிங் பூங்காவும் பயணிப் புறாவும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியோடு கலக்கும் இடத்திலுள்ள வயலூசிங் மாநிலப் பூங்காவைப் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கான விடைகள்.

கேள்வி: ஐயா, அங்கே ஒரு புறாவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது ஏன்?

பதில்: ஆறுகளுக்கு மேலே செங்குத்தாக உயர்ந்த பாறைமேட்டில், கற்சுவரில் பதித்த வெண்கலப் பட்டயம் அது. பாப்காக் என்ற ஊரில் 1899 செப்டம்பரில் சுடப்பட்ட, விஸ்கான்சினின் கடைசிப் பயணிப் புறாவின் (Passenger Pigeon என்ற வட அமெரிக்கக் காட்டுப் புறா) நினைவாக அம்மாநிலப் பறவையியல் சங்கத்தார் 1947-இல் அதை நிறுவினர். மனிதனின் பேராசையாலும் சிந்தனையின்மையாலும் இவ்வினம் அழிந்ததென்று அதில் பொறித்திருக்கிறார்கள். பொது இடத்தில் இவ்வளவு வெளிப்படையான குற்ற ஒப்புதலைக் காண்பது அரிது.

கேள்வி: கோடிக்கணக்கில் இருந்த பறவையை வேட்டையாடியே அழித்துவிட முடியுமா? காடழிப்புதானே காரணம்?

பதில்: காடழிப்புக்கும் பங்குண்டு, ஆயினும் வணிக வேட்டையையே முதற்காரணமாகக் கருதுகிறேன். 1871-இல் விஸ்கான்சினில் சுமார் 850 சதுர மைல் பரப்பில் 13.6 கோடிப் புறாக்கள் கூடு கட்டியிருக்கும் என்பது பிற்கால மதிப்பீடு. கூட்டம் இறங்கிய இடம் தந்தியில் தெரிந்ததும், தொழில்முறை வேட்டைக்காரர்கள் ரயிலேறி வந்து, பெரிய பறவைகளைச் சுட்டும் வலைவீசியும், கொழுத்த குஞ்சுகளைக் கழியால் கூட்டிலிருந்து தள்ளியும் பிடித்து, பீப்பாய்களில் அடைத்துப் பெருநகரச் சந்தைகளுக்கு அனுப்பினர். ஒரு கூட்டுக்கு ஒரே முட்டைதான். குஞ்சு வளருமிடத்திலேயே அடி விழுந்ததால், செத்தவற்றுக்கு ஈடாக இளம் பறவைகள் வரவில்லை. 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மார்த்தா என்ற பெண் புறா இறந்ததோடு இனமே அற்றுப்போனது.

கேள்வி: பூங்கா இருந்தும் காப்பாற்ற முடியவில்லையா?

பதில்: பூங்காவே 1917-இல்தான் அமைந்தது.

கேள்வி: மீண்டு வந்த உயிரினம் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. டி.டி.டி. பூச்சிக்கொல்லி மீன்கள் வழியாக வெண்தலைக் கழுகின் உடலில் சேர்ந்து, முட்டையோட்டை மெலிதாக்கி, அடைகாக்கும்போதே உடையச் செய்தது. 1972-இல் அதற்குத் தடை வந்தபின் கழுகுகள் படிப்படியாகப் பெருகின. மாநிலத்தில் அற்றுப்போயிருந்த காட்டு வான்கோழியை 1976 முதல் மிசௌரியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்; இன்று அது சாதாரணமாகக் கண்ணில் படும் பறவை.

கேள்வி: அங்குள்ள மண்மேடுகள் இயற்கையானவையா?

பதில்: அல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழங்குடியினர் எழுப்பியவை. அவற்றுள் சில விலங்கு வடிவம் கொண்டவை. தரையில் நின்று பார்த்தால் புல் மூடிய வரப்புப் போலவே தோன்றும் என்பதால், பலர் அறியாமல் மிதித்துவிடுகிறார்கள். இவ்வகை மேடுகள் பலவற்றில் மனிதரைப் புதைத்திருப்பதால், பாதையை விட்டு விலகாமல் நடப்பதே முறை.