20 மில்லிமீற்றர் பைப், அரை இஞ்சி சொக்கட்டில் ஏன் ஆடுகிறது?

கேள்வி: திருகோணமலை கடையில் 'அரை இஞ்சி' என்று தந்த 20 மி.மீ. பிவிசி பைப், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அரை இஞ்சி சொக்கட்டில் (பைப்பைச் செருகி ஒட்டும் இணைப்புத் துண்டு) தளர்வாக நிற்கிறது. கம்மை (பிவிசி ஒட்டும் பசை) அதிகமாகப் பூசினால் சரிவருமா?

சரிவராது. நம் கடைகளில் அரை இஞ்சி என்பது வெறும் கூப்பிடு பெயர்; பைப்பின் வெளி விட்டம் 20 மி.மீ. முக்கால் 25, ஒரு இஞ்சி 32. உங்கள் சொக்கட் அமெரிக்க அளவாக இருக்கலாம்; அந்த அளவில் அரை இஞ்சிப் பைப்புக்கோ வெளி விட்டம் 21.3 மி.மீ. அந்த 1.3 மி.மீ. இடைவெளியைக் கம் நிரப்பாது. அது இரு பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒட்டவைப்பது, ஓட்டை அடைக்கும் பசை அல்ல. இன்று ஒழுகாவிட்டாலும் மோட்டர் அழுத்தத்தில் கழன்றுவிடும்.

கம் பூசாமல் செருகிப் பாருங்கள்: பைப் பாதிவழியில் இறுக வேண்டும். அடிவரை வழுக்கிப் போனால் அந்தச் சொக்கட்டை விட்டுவிடுங்கள்.

புரியில் (திருகி ஏற்றும் மரை) இன்னொரு பொறி. தண்ணீர் திறக்கும் அரை இஞ்சிக் குழாயின் வெளிப்புரியை அளந்தால் கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும். அதைப் பார்த்து முக்கால் என்று வாங்காதீர்கள். பழைய குழாயையே கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு அளவுமுறைகளை இணைத்தே ஆகவேண்டுமென்றால், ஒட்டாமல் புரியில் இணையுங்கள்: 20 மி.மீ. பைப்புக்கு வால்வ் சொக்கட் (ஒருபக்கம் பைப்பில் ஒட்டும், மறுபக்கம் வெளிப்புரி), அந்தப் புரியில் திரட் டேப் பத்துச் சுற்று. ஆனால் அமெரிக்கப் புரியின் கோணம் 60 பாகை, நம்முடையது 55. அரை இஞ்சியில் ஏறும், ஒழுகவும் கூடும்.