வாசகர் கேள்வி: ஒரே தாய், வேறு வேறு வாழை

கேள்வி: கோபிச்செட்டிப்பாளையம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் திசு வளர்ப்பு ஜி-9 வாழை நட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே தாய்மரத்துக் கன்றுகள் என்றார்கள். ஆனாலும் சில மரங்கள் குட்டையாக, இலைகள் நெருங்கி நிற்கின்றன. மரபணு ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு ஏன்? இவற்றின் பக்கக் கன்றுகளை நடலாமா?

பதில்: வேர், இலை, பூ மூன்றின் உயிரணுக்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்பதில், டி.என்.ஏ.யின் மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் வேதிக்குறிகளுக்கும், அது சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. இதையே எபிஜெனெடிக் ஒழுங்குமுறை என்கிறோம். கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில், பூப்பதைத் தடுக்கும் மரபணு பல வாரக் குளிரில் இவ்வாறு மூடப்பட்டு, குளிர் நீங்கிய பின்னும் மூடியே கிடப்பதால்தான் அது வசந்தத்தில் பூக்கிறது.

ஆய்வகக் குடுவையில், வளர்ச்சி ஊக்கிகளுக்கு நடுவே திசுவை மீண்டும் மீண்டும் பிரித்து வளர்க்கும்போது இக்குறிகள் சில இடங்களில் உதிர்ந்துவிடக்கூடும். இதற்கு மிகத் தெளிவான சான்று எண்ணெய்ப்பனை. திசு வளர்ப்புக் கன்றுகள் சில, தோப்பில் பல ஆண்டுகள் நன்றாக வளர்ந்து, காய்க்கும்போதுதான் உருக்குலைந்த பழம் தந்து விவசாயியின் உழைப்பைப் பாழாக்கின. பூவின் உருவத்தை ஆளும் ஒரு மரபணுவுக்குள் இருக்கும் ‘கர்மா’ என்ற தாவும் டி.என்.ஏ. துண்டு, தன் மெத்தில் குறிகளை இழந்ததே காரணம் என்று 2015-இல் மலேசிய ஆய்வாளர்கள் காட்டினர். டி.என்.ஏ. எழுத்துகளில் மாற்றம் ஏதும் இல்லாததால், வழக்கமான மரபணு ஒற்றுமைச் சோதனையில் இத்தகைய குறை சிக்காது.

வாழையைப் பெரும்பாலும் குருத்து நுனியிலிருந்தே பெருக்குவதால் அபாயம் குறைவு. உங்கள் குட்டை மரங்களுக்கு டி.என்.ஏ.யிலேயே ஏற்பட்ட மாற்றமும் காரணமாகலாம். இலைகள் குறுகி, நிமிர்ந்து, முடிக்கொத்துப் போல் நெருங்கியிருந்தால் வைரஸ் நோயையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். உயிரணு பிரியும்போது மெத்தில் குறிகளும் படியெடுக்கப்படுவதால், காரணம் எதுவாயினும் குறை பக்கக் கன்றுக்கும் தொடரலாம். ஆகவே அவற்றிலிருந்து கன்று எடுக்காதீர்கள். நோய் உறுதியானால் கிழங்கோடு அகற்றிவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, திசு எத்தனை முறை பிரித்து வளர்க்கப்பட்டது என்று கேளுங்கள். குறைந்த சுற்றில் வந்த கன்றையே வாங்குங்கள்.