பொறி வராத ஓபிஎம்: சி.டி.ஐ. வாங்கப் போகுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஃபைபர் வள்ளத்தில் 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்துக் கிளப்பும் அவுட்போர்டு என்ஜின் (ஓபிஎம்) இருக்கிறது. போன வாரம் விடியற்காலை தொழிலுக்குக் கிளம்பும்போது எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், இரண்டிலும் பொறி இல்லை. மெக்கானிக் வந்து மூடியைத் திறந்ததுமே ‘சி.டி.ஐ. போய்விட்டது’ என்று சொல்லி ஐந்து இலக்கத்தில் விலை சொன்னார். தெரிந்த புரோக்கர் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். யாரிடம் வாங்குவது? (கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு மீனவர்)

பதில்: இப்போதைக்கு யாரிடமும் வாங்காதீர்கள். மூடியைத் திறந்து பார்த்ததும் சி.டி.ஐ. போய்விட்டதென்று எவராலும் சொல்ல முடியாது. அது பிளக்கில் பொறி வருவதற்கான மின்சாரத்தைச் சேமித்து விடும், பிசின் ஊற்றி மூடிய மின்னணுப் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் சோதித்து, அவை சரி என்று தெரிந்த பிறகு கடைசியாகத்தான் அதன்மேல் பழி போட வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் பொறி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டாப் சுவிட்சைத்தான். ஓட்டுகிறவர் உடம்பில் கட்டும் சிவப்புச் சுருள் கயிற்றோடு கிளிப் மாட்டுவோமே, அதுதான்.

காரணம் இது. கயிற்றை இழுக்கும்போது ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தில் உள்ள காந்தம் சுற்றும். அடியிலிருக்கும் சார்ஜ் காயிலில் நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டாகும். சி.டி.ஐ. அதைச் சேமித்து வைத்து, சரியான நொடியில் இக்னிஷன் காயிலுக்கு விடும். அங்கே அது பல்லாயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறியாகத் தெறிக்கும். பேட்டரிக்கு இதில் வேலையே இல்லை. ஸ்டாப் சுவிட்ச் செய்வது ஒன்றுதான்: சேமிக்க வேண்டிய மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிடும். சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால், நீங்கள் அமுக்காமலே அது எர்த் ஆகிக்கொண்டிருக்கும். அடியில் ஓட்டை விழுந்த குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

முதலில் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயரும் சி.டி.ஐ.யோடு சேரும் இடத்தைத் தேடுங்கள். யமஹாவில் வெள்ளையும் கறுப்புமாக இருக்கும். மற்ற கம்பெனிகளில் நிறம் மாறும், சுவிட்சிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனால் தெரிந்துவிடும். ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினால் பித்தளை முனையில் பச்சைக் களிம்பு பசை மாதிரி அப்பியிருக்கும். சில நேரம் முனை சுத்தமாக இருந்து, வயரின் தோலுக்குள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிப் போயிருக்கும். இணைப்பைப் பிரித்துவிட்டு மறுபடி பொறி பாருங்கள். வந்துவிட்டால் கோளாறு சுவிட்சில். உங்கள் சி.டி.ஐ. நன்றாக இருக்கிறது.

பொறி பார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். இரண்டு பிளக்கையும் கேப்போடு மாட்டி, இரண்டின் உடம்பும் என்ஜினின் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். ஒன்றை அந்தரத்தில் விட்டு இழுத்தால், போக வழியில்லாத மின்சாரம் காயிலையோ சி.டி.ஐ.யையோ நிஜமாகவே கெடுத்துவிடும். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கையாலும் பிடிக்காதீர்கள். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, நிழலில் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் பிரித்த சுவிட்சை அளக்கலாம். கிளிப் மாட்டியிருக்கும்போது இணைப்பே காட்டக் கூடாது. கிளிப்பை உருவினால் காட்ட வேண்டும். ‘பீப்’ சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். உப்பு ஏறிய சுவிட்ச் சில ஆயிரம் ஓம் காட்டும், அதற்கு மீட்டர் சத்தம் போடாது. ஆனால் பொறியைச் சோகையாக்க அந்தக் கசிவே போதும். எண்ணைப் பாருங்கள்.

சுவிட்சைப் பிரித்த நிலையிலேயே என்ஜின் ஓடும் என்பதால், பலர் அப்படியே விட்டுவிட்டு மாதக்கணக்கில் தொழில் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கடலுக்குள் மாட்டிக்கொண்டால் கரை வந்து சேரும் வரைக்கும் மட்டும் அப்படி ஓட்டலாம். அப்போது சோக்கை இழுத்தோ பெட்ரோல் ஹோஸைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டியிருக்கும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் வள்ளம் வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரும். அந்த நேரத்தில் புரொப்பல்லரை நிறுத்த இந்தச் சுவிட்சைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

ஒரு பிளக்கில் மட்டும் பொறி இல்லை என்றால் சுவிட்சை விட்டுவிடுங்கள். பிளக்கை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். இல்லையென்றால் கேப், பிளக் வயர், இக்னிஷன் காயில். மண்ணெண்ணெய் ஓட்டுகிறவர்களுக்குப் பாதி நேரம் கரி பிடித்த பிளக்தான் பிரச்சினை. பிளக் எண்ணைக் கையேட்டில் உள்ளபடியே கேட்டு வாங்குங்கள். என்.ஜி.கே. பிளக்கில் கடைசியில் ‘-10’ என்று இருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீட்டர். அது இல்லாத பிளக்கைக் கொடுத்து ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொல்லும் கடைகள் உண்டு. ஒன்றல்ல.

சுவிட்சைப் பிரித்தும் பொறி வரவில்லையா? என்ஜினில் போல்ட் போட்டு இறுக்கிய எர்த் வயர்களைக் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்குங்கள். பிறகு சார்ஜ் காயிலை இணைப்பிலேயே ஓம் அளந்து, சர்வீஸ் கையேட்டு அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இதற்கு ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றியே ஆக வேண்டும் என்றால் புல்லர் என்ற இழுவைக் கருவி போட்டுத்தான். சுத்தியலால் தட்டுகிற ஆளிடம் என்ஜினைக் கொடுக்காதீர்கள். காந்தம் விரிசல் விட்டால் சி.டி.ஐ. விலையைவிடப் பெரிய செலவு.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். என்ஜின் அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் நிற்கும். ஆறியதும் மறுபடி ஓடும். காயிலுக்குள் முடி போன்ற செம்புக் கம்பி எங்கோ அறுந்திருக்கும். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கரைக்குக் கொண்டுவந்து அளந்தால் எல்லாம் சரியாகக் காட்டும். உடனே சி.டி.ஐ.யை மாற்றுவார்கள், மறுநாள் அதே இடத்தில் நிற்கும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்தாலும் இதே மாதிரி நின்று நின்று ஓடும் என்பதுதான் இன்னும் குழப்பம். எனவே நின்ற உடனே, ஆறவிடாமல், அங்கேயே பொறி பாருங்கள். பொறி இருந்தால் கோளாறு எரிபொருள் பக்கம். காற்றுத் திருகைத் திறவுங்கள். பொறி இல்லையென்றால் மின்பக்கம். கரையில் காயிலை முடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கிக்கொண்டே அளக்கலாம். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும், ஆகவே 50 டிகிரி சூடேறினால் 20 சதவீதம் கூடுவது இயல்பு. அதைக் காட்டி ‘காயில் போச்சு’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எண் திடீரென்று மறைந்து, இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டினால் மட்டுமே காயில் கெட்டது.

இனி புரோக்கர் விஷயம். பாதி விலை சி.டி.ஐ. என்றால் போலியாக இருக்கலாம், இன்னொரு என்ஜினிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். அட்டைப்பெட்டியும் ஸ்டிக்கரும் அசல் போலவே அச்சாகின்றன. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. கோளாறு சுவிட்ச் வயரில் இருக்கும். உங்கள் நல்ல சி.டி.ஐ.யைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறொன்றை மாட்டி, போகிற போக்கில் அந்த வயரையும் பிரித்துவிடுவார்கள். என்ஜின் ஓடும், நீங்கள் பணம் கொடுப்பீர்கள், உங்கள் பெட்டி அடுத்த கடற்கரையில் விலைபோகும். கழற்றிய பழைய பாகம் உங்கள் கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக்குகளை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. மானியத்தில் என்ஜின் கொடுக்கிறார்கள், கூடவே வருகிற கையேடு ஆங்கிலத்தில். நிறங்களோடு ஒரே ஒரு பக்க வயரிங் படத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? மீன் இறங்குதளத்தில் மீட்டரோடு பயிற்சி பெற்ற ஒரு ஆள் இருந்தால், ஒரு வயருக்காக இப்படிப் பல நாள் தொழிலும் கூலியும் போகுமா? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

உங்களுக்கு என் யோசனை: நாளைக்கே சுவிட்ச் வயரைப் பிரித்துப் பாருங்கள். அதன் பிறகும் இரண்டிலும் பொறி இல்லாமல், எர்த்தும் காயிலும் சரியாக இருந்தால், அதே மாடல் என்ஜின் வைத்திருக்கும் பக்கத்து வள்ளக்காரரிடம் அரை மணி நேரத்துக்கு சி.டி.ஐ. கேளுங்கள். பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் போட்டுப் பொறி வந்தால்தான் புதிது வாங்க வேண்டும். அதுவும் பில்லோடு, பாக எண்ணை பில்லில் எழுதச் சொல்லி.