சீட்டில் வந்த வசனமும் அம்மா கேட்ட அதிகாரமும்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 42. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பாவின் மறைவுக்குப் பின் எங்களோடு வந்துவிட்ட அம்மா ஆகியோருடன் கே.ஆர்.புரத்தில் வசிக்கிறேன். நிறுவனம் என்னை ஜெர்மனிக்கு மாற்ற முன்வந்திருக்கிறது. அடுத்த மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவை அங்கே அழைத்துச் செல்ல முடியாது என்பதால் ஊருக்கு அருகில் ஒரு கிறிஸ்தவ முதியோர் இல்லத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். புத்தாண்டு ஆராதனையில் சீட்டெடுத்தபோது இந்த ஆண்டுக்கென்று எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் ஆதியாகமம் 12:1, அதாவது 'உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு, நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ'. என் மனைவிக்கு வந்ததோ சங்கீதம் 37:3, 'தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்'. ஒரு நாள் உபவாசமிருந்து வேதத்தைத் திறந்தபோது, தேவன் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் யோனா கப்பலேறி ஓடும் யோனா முதல் அதிகாரம் கண்ணில் பட்டது. இன்னும் குழம்பிப்போனேன். அம்மா மட்டும் அமைதியாக இருக்கிறார். சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. இரவில் ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டச் சொல்வார். எனக்கு நேரமில்லாததால் கைபேசியில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அது நிறுத்தி நிறுத்தி வாசிப்பதில்லை என்று குறை சொல்லிக்கொண்டே கேட்பார். வேதமே வழிகாட்டி என்று நம்பும் நான் இவற்றில் எந்த வசனத்தை நம்புவது?

— வாசகர், பெங்களூரு

பதில்: வாக்குத்தத்தச் சீட்டை வைத்துக்கொண்டு வேலை மாறலாமா, வீட்டை விற்கலாமா, பெண்ணுக்கு இந்த வரனை முடிக்கலாமா என்று கேட்கும் கடிதங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தொடங்கி வந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் கேட்ட கேள்வி அன்று. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அம்மா ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டச் சொல்வார் என்று, அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. கர்த்தர் வேதத்தின் வழியாக என்னோடு பேச வேண்டும் என்று உபவாசமிருக்க உங்களுக்கு ஒரு முழு நாள் கிடைத்திருக்கிறது. அதே வேதத்தைத் தாயாருக்கு உரக்க வாசிக்க ஓர் இரவில் கால்மணி நேரம் கிடைக்கவில்லை. பெரும்பாலான அதிகாரங்களை நிதானமாக வாசித்து முடிக்க அதற்குமேல் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

கைபேசி நிறுத்தி வாசிப்பதில்லை என்று உங்கள் தாயார் சொல்வதை நீங்கள் முதியவர்களின் வழக்கமான குறைகூறல் என்று எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. நெகேமியா எட்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் கூடி நிற்க, எஸ்றா காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும் நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். லேவியர் அதைத் தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, ஜனங்களுக்கு விளங்கப்பண்ணுகிறார்கள். வாசிப்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும், கேட்பவர் இடைமறித்து இது என்ன என்று கேட்க இடம் வேண்டும் என்பது அன்று முதல் சபை அறிந்த ஒழுங்கு. உங்கள் வீட்டில் அந்த ஒழுங்கை இன்னும் நினைவில் வைத்திருப்பவர் உங்கள் தாயார் ஒருவரே.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகளை மாலை நேரக் குடும்ப ஜெபத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு வசனமாக வாசிக்கச் செய்து, தடுக்கும் இடத்தில் திருத்தியவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாருமே. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் எண்ணுவதில் தவறிருக்காது. வேதத்தின் அதிகாரத்தை நிலைநாட்ட எல்லாரும் மேற்கோள் காட்டும் 'வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்னும் வசனம் இரண்டாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தின் 16-ஆம் வசனம். அதற்கு முந்திய வசனத்தில், பரிசுத்த வேத எழுத்துக்களை நீ சிறுவயது முதல் அறிந்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு நினைவூட்டுகிறார். அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் நிலைத்திருந்த விசுவாசமே உனக்குள்ளும் இருக்கிறது என்று அந்த இரு பெண்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். எந்த வசனத்தை நம்புவது என்று கேட்கும் நீங்கள், வேதத்தை நம்பக் கற்றுக்கொடுத்தவரின் கையில் ஒரு கருவியைத் திணித்துவிட்டு அந்தக் கேள்வியை எனக்கு எழுதுகிறீர்கள்.

வாக்குத்தத்தச் சீட்டை நான் இகழவில்லை. நீங்கள் போக நினைக்கும் அதே ஜெர்மனியில், ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்து, மொராவிய சபையார் 1731 முதல் தினவசனப் புத்தகம் அச்சிட்டு வருகிறார்கள். அதற்கான பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு நாளைக்குரிய ஒரே வசனத்தைத் திரளான மக்கள் சேர்ந்து தியானிக்கிறார்கள். தனியொருவருக்கு விமானச்சீட்டு எடுக்கலாமா என்று சொல்வதற்காக அது எடுக்கப்படுவதில்லை. அப்போஸ்தலர்கள் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். அது ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு நடந்தது. ஆவியானவர் வந்த பிறகு சபை சீட்டுப் போட்டு முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடமும் இல்லை. எருசலேமில் பெரிய சர்ச்சை எழுந்தபோது அவர்கள் கூடிப் பேசினார்கள், நடந்தவற்றைக் கேட்டார்கள், தீர்க்கதரிசிகளின் வாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகே முடிவெழுதினார்கள். அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் அதை விரிவாகச் சொல்கிறது.

தனி வசனத்தைப் பிய்த்தெடுத்து வழிகாட்டுதலாக நீட்டியவன் வேதத்திலேயே ஒருவன் உண்டு. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தித் தாழக் குதிக்கச் சொன்ன பிசாசு, 91-ஆம் சங்கீதத்திலிருந்து ஓர் அருமையான வாக்குத்தத்தத்தைத்தான் எடுத்துக் காட்டினான். இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்தின் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்தே பதில் சொன்னார். அவர் சொன்ன மூன்றும் ஒரு மனிதன் தேவனுக்கு முன்பாக எப்படி நடக்க வேண்டும் என்னும் கட்டளைகளைச் சேர்ந்தவை. வசனம் தெரிந்திருப்பது ஒன்று, வேதத்தால் நடத்தப்படுவது வேறு என்பதற்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை எனக்குத் தெரியாது.

உங்களுக்குக் கிடைத்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கு முன்னால் பதினோராம் அதிகாரத்தின் கடைசி வசனம் இருக்கிறது; அதை வாசித்தீர்களா? ஊர் என்னும் கல்தேயருடைய பட்டணத்திலிருந்து, உங்கள் வசனம் யாருக்குச் சொல்லப்பட்டதோ அந்த ஆபிராமை அழைத்துக்கொண்டு புறப்பட்டவர் அவனுடைய தகப்பன் தேராகு. அவர்கள் ஆரான் வரைக்கும் சேர்ந்தே வந்தார்கள். தேராகு ஆரானில் மரித்தார். ஆபிராம் அங்கிருந்து கானானுக்கு வந்தது தகப்பன் மரித்த பின்பு என்று, ஆதிச் சபையின் இரத்தசாட்சியான ஸ்தேவான் அப்போஸ்தலர் ஏழாம் அதிகாரத்தில் தெளிவாகவே சொல்கிறார். ஆதியாகமத்தில் வரும் வயதுகளைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் தென்படும், விரிவுரையாளர்கள் அதற்குப் பலவிதமாக விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் ஸ்தேவான் அந்தக் கதையை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதில் ஐயமில்லை. ஆகவே ஜெர்மனிக்குப் போகக் கூடாது என்று வேதம் சொல்லிவிட்டது என நான் வாதிட வரவில்லை. அப்படிச் செய்தால் நானும் உங்கள் கையில் இன்னொரு சீட்டைக் கொடுத்தவன் ஆவேன். ஒரே ஒரு பக்கம் முன்னால் புரட்டியிருந்தால்கூட, 'தகப்பனுடைய வீட்டையும் விட்டு' என்னும் சொற்களைப் பார்வை மங்கிய ஒரு விதவைத் தாய்க்கு எதிராக நீங்கள் பிடித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

யோனாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குப் போக வேண்டிய ஊர் எதுவென்று தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. தெரிந்த கட்டளைக்குக் கீழ்ப்படிய மனமில்லாமல்தான் அவன் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். உங்களுக்கும் தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரு கட்டளை இருக்கிறது. 'விதவையானவளுக்குப் பிள்ளைகளாவது, பேரன் பேத்திகளாவது இருந்தால், இவர்கள் முதலாவது தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து, பெற்றார் செய்த நன்மைகளுக்குப் பதில் நன்மைகளைச் செய்யக் கற்றுக்கொள்ளக்கடவர்கள்' என்று ஒன்று தீமோத்தேயு 5:4 சொல்கிறது. இதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை, இரண்டு அர்த்தத்துக்கும் இடமில்லை. இந்த வசனம் வாக்குத்தத்தச் சீட்டில் அச்சாகி வந்து நான் பார்த்ததில்லை. வாக்குத்தத்தங்களைப் பெட்டியிலிருந்து எடுக்க வரிசையில் நிற்கும் நாம், கட்டளைகளை அப்படி எடுக்க விரும்புவதில்லை.

தேவனுக்கென்று சொல்லிப் பெற்றோருக்குரியதை மறுப்பது இன்று தோன்றிய வழக்கமும் இல்லை. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கையாக ஒதுக்கிவிட்டேன், என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களைப் பார்த்து, நீங்கள் உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். அவர்கள் கடிந்துகொள்ளப்பட்டது பக்தி இல்லாததால் அன்று என்பதைக் கவனியுங்கள். அந்த வார்த்தைகளைச் சொன்னவர் சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டே உயிர் கொடுத்தார், அந்தச் சீஷனும் அந்நேரமுதல் அவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான்.

என் நிலைப்பாட்டை மறைக்க நான் விரும்பவில்லை. உடல்நலிவோ, உண்மையான வறுமையோ, வீட்டில் பார்க்க முடியாத நோயோ காரணமாக ஒரு தாயை முதியோர் இல்லத்தில் சேர்ப்பவர்களை நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். அத்தகைய இல்லங்களில் அன்போடு ஊழியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்ல சம்பளத்திலிருந்து அதைவிட நல்ல சம்பளத்துக்குப் போவதற்காக, பார்வை மங்கிய தாயைப் பழக்கமில்லாத ஓரிடத்தில் விடுவதற்கு, அதுவும் ஒரு வசனத்தைச் சாட்சியாக நிறுத்தி விடுவதற்கு, நான் ஒருபோதும் ஆமென் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளைகள் இருவரும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேதம் எதற்குப் பயன்படுகிறது என்பதை அவர்கள் ஓய்வுநாள் பள்ளியில் கற்பதைவிட உங்களிடமே கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீட்டுகளைக் கேட்டீர்கள், திறந்த பக்கத்தைக் கேட்டீர்கள், என்னையும் கேட்டுவிட்டீர்கள். அம்மா அமைதியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு என்ன விருப்பம் என்று அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. மனைவியின் சீட்டு என்ன சொன்னது என்று எழுதினீர்கள். மனைவி என்ன சொன்னார் என்று எழுதவில்லை.

அடுத்த மாத இறுதி வரைக்கும் கைபேசியை அணைத்துவிட்டு, தினமும் இரவில் நீங்களே தாயாருக்கு வாசியுங்கள். ஆதியாகமம் பதினோராம் அதிகாரத்தில் தொடங்கி யோசேப்பின் கதை முடிய நாளுக்கு ஒன்றாக வாசித்தால் ஏறக்குறைய அந்தக் கால அளவுக்குச் சரியாக வரும். அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள், கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், தெரியாததைச் சபைப் போதகரிடம் கேட்டு வந்து மறுநாள் சொல்லுங்கள். முதல் வாரத்துக்குள் அவரிடம் நேராகவே கேளுங்கள், மனைவியும் உடனிருக்கட்டும். தாயாரும் வர விரும்பினால், அழைத்துச் செல்ல முடியாது என்று உங்களுக்குச் சொன்னது யார், எந்தச் சட்டத்தைக் காட்டிச் சொன்னார் என்று மறுபடியும் விசாரியுங்கள். ஏனெனில் 2024 மார்ச் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ முதன்முறையாகச் சில வகை வேலைக் குடியிருப்பு உரிமங்களைப் பெறுகிறவர்கள் பெற்றோரை வரவழைத்துக்கொள்ள ஜெர்மானியச் சட்டம் வழி செய்திருக்கிறது. அவருடைய வாழ்க்கைச் செலவும் மருத்துவக் காப்பீடும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதியவர்களுக்குக் காப்பீடு கிடைப்பதே கடினமான பகுதி என்பதால், அதை நிறுவனத்தின் மனிதவளத் துறையினரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்களுக்கு வழங்கப்படும் உரிமம் அந்த வகையைச் சேர்ந்ததுதானா என்பதைத் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். வழி இல்லை என்று தெரிந்தால், அல்லது பெங்களூரை விட்டு வர மாட்டேன் என்று தாயார் சொன்னால், மாற்றல் வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.